முடிச்சு நிற்கும் ஊர்

குளுவாங்,
12.1.1986

என் அன்புத் தம்பி வேலாயுதத்துக்கு,

அக்கா தவமணி எழுதுகிறேன். உடம்பு சொன்னபடி கேட்கிறது. சர்க்கரை ஏறவில்லை. நவம்பரில் ஆப்பரேஷன் செய்த இடது கண்ணுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். கடைசி வரியில் எறும்பு மாதிரி இருந்த எழுத்தைக்கூட வாசித்துவிட்டேன். "மிஸ்ஸி, என் கண்ணைவிட உங்க கண்ணு தேவலாம் லா. தாராளமா காடி ஓட்டுங்க" என்றார். முப்பத்தாறு வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாகப் பிரசவம் பார்த்தவளுக்கு ஒரு டாக்டர் வாயால் நல்ல வார்த்தை கேட்பது அதிசயம்தான். உன் முட்டிவலி குறைந்ததா? கமலத்துக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

நம் மோரிஸ் சங்கத்தின் மார்ச் பயணத்துக்கு என் அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். "வருகிறேன்" என்று பெரிதாக எழுதியிருக்கிறேன், பார். பலகையில் என் ஈயக் குண்டை மறக்காமல் மாட்டு.

பலகையை உன்னிடம் கொடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் அத்தான் இருந்தபோது செய்த மாதிரியே செய்கிறாயா? அட்டை போட்டவர்களுக்கு மட்டும்தான் குண்டு. வரைபடத்தில் அவரவர் ஊர் ஓட்டையில் நூலை விட்டுக் கீழே ஈயத்தைத் தொங்கவிடு. பலகையை இரண்டு நாற்காலிக்கு நடுவில் வைத்து விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் எல்லா நூலும் சேர்கிற நடு முடிச்சு தானே நகர்ந்து ஓர் இடத்தில் நிற்கும். அந்த ஊர்தான் கூடுமிடம். எல்லாருக்கும் பாதை பொதுவாக இருக்கவேண்டும் என்றுதான் அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப் மரத்தில் அதை இழைத்தார். "நான் ஊர் சொன்னா சண்டை வரும். ஈயம் சொன்னா எவன் வாயைத் திறப்பான்?" என்பார்.

காடி நன்றாக இருக்கிறது. முப்பத்தைந்துக்கு மேல் முள் ஏற மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். போன வருஷம் நான் முன்னால் போகப் போக, இறங்கியதும் நம் சங்கத்துச் சர்தார் வந்து, "மிஸ்ஸி, சைக்கிள்ல தேங்காய் வித்துட்டுப் போனவன் நம்மளத் தாண்டிட்டுப் போனான், கவனிச்சீங்களா?" என்று கேட்டான். வயிறு வலிக்கச் சிரித்தேன். என்ன செய்வது, மெதுவான வண்டி முன்னால் போகவேண்டும் என்பது உங்கள் அத்தான் வைத்த வழக்கம். பீடோரில் மழையில் அவரைத் தனியாக விட்டுவிட்டு எல்லாரும் போய்விட்ட அன்றைக்கு வைத்தது. முன்னால் ஒட்டியிருக்கும் "1" என்ற பித்தளைத் தகட்டைத் துடைக்கும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு வீட்டை விட்டு வெளியே இருக்கிற உலகம் இந்தச் சங்கம் ஒன்றுதான் வேலா.

பொங்கலுக்குக் கமலத்திடம் என் அன்பைச் சொல்.

உன் அக்கா
தவமணி


ஈப்போ,
3.2.1986

பாசமுள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கண் தெளிந்த செய்தி கேட்டுக் கமலம் கோயிலில் விளக்குப் போட்டாள். என் முட்டி மழைக்கு முந்தின நாளே செய்தி சொல்லிவிடுகிறது, அது ஒரு வசதி.

அக்கா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். முடிச்சு இந்த முறை தாப்பாவில் போய் நின்றுவிட்டது. மூன்று தடவை தட்டிப் பார்த்தேன். வடக்கே அட்டை அதிகம், தெற்கே குறைவு. நான் என்ன செய்ய முடியும், ஈயம் சொல்கிறது. குளுவாங்கிலிருந்து தாப்பாவுக்கு இருநூற்று முப்பது மைல் கட்டைக்கு மேல். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கவேண்டும் என்றால் நீங்கள் முதல் நாளே கிளம்பவேண்டும். இந்த வயதில் அது வேண்டாம். ஒரு பயணம்தானே, அடுத்ததில் பார்த்துக்கொள்வோம்.

அத்தானின் வழக்கங்களை ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. என்னை நம்புங்கள்.

உங்கள் தம்பி
வேலாயுதம்


குளுவாங்,
9.2.1986

அன்புள்ள வேலாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

தாப்பா என்றால் தாப்பா. முடிச்சோடு சண்டை போட நான் யார்? ஒரு தடவை அது ரவூப் பக்கம் ஏதோ ரப்பர் காட்டுக்கு நடுவில் போய் நின்றது, ஞாபகம் இருக்கிறதா? அத்தான் அசையவில்லை. "முடிச்சு நின்ன இடம்தான்" என்று சொல்லி, பால் வெட்டுகிறவர்களோடு நின்று எல்லாருமாகக் கறுப்புக் கோப்பி குடித்தோம். சிரம்பான் யோவின் மனைவிக்கு அட்டைப்பூச்சி கடித்துக் கால் வீங்கிவிட்டது.

அன்றைக்கு யார் யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள், என் இடத்தில் யார் முன்னால் போனது, எல்லாம் எழுது. ஒன்றும் விடாதே. மே மாதத்துக்கும் என் அட்டையை இப்போதே வைத்துவிட்டேன். அட்டை போட்டவர்களின் பெயரையும் எழுது, தெரிந்துகொள்ள ஆசை.

கமலத்துக்கு இஞ்சியும் தேனும் கொடு.

அக்கா


ஈப்போ,
20.4.1986

பாசமுள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஒர்க்‌ஷாப்பில் வேலை தலைக்கு மேல். என் மோரிஸுக்கு நிஸ்ஸான் எஞ்சின் மாற்றிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் மாற்றிவிட்டார்கள்.

மார்ச் பயணம் நல்லபடியாக முடிந்தது. எல்லாரும் உங்களைத்தான் கேட்டார்கள். சாப்பாடு வழக்கம்போல. முன்னால் யார் போனது என்று கேட்டிருந்தீர்கள், மாறி மாறிப் போனோம்.

மே 18 பயணத்துக்கு அட்டை போட்டவர்கள்: புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருவர், இங்கே நானும் சர்தாரும், கோலாலம்பூரில் மூன்று பேர், சிரம்பானில் யோ, மூவாரில் ஹாலிம், பிறகு நீங்கள். சொன்னால் வருத்தப்படுவீர்கள், முடிச்சு குவாலா கங்சாரில் நின்றது. தாப்பாவைவிட இன்னும் தூரம். நான் பலகையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் உடம்பைக் கவனியுங்கள். வெயிலில் அலையவேண்டாம்.

உங்கள் தம்பி
வேலாயுதம்


குளுவாங்,
29.6.1986

அன்புள்ள வேலாவுக்கு,

நலம்தான். கால்தான் கொஞ்சம் கனக்கிறது. உன் வீட்டில் எல்லாரும் சுகமா?

மே 18 அன்று காலை ஏழு மணிக்கு வண்டியைத் துடைத்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் வந்து, "மிஸ்ஸி, எங்க கிளம்புறீங்க?" என்று கேட்டாள். சும்மா துடைத்து வைத்தேன் என்றேன்.

உன்னிடம் ஒன்று சொன்னால் சிரிக்கக்கூடாது. நானே ஒரு பலகை செய்தேன். சமையலறை மேசைக்கு மேல் வைக்கிற பழைய ஒட்டுப்பலகை, பள்ளிக்கூட வரைபடம், பசாரில் வாங்கிய தூண்டில் ஈயம். நீ எழுதிய ஒன்பது பேரையும் மாட்டித் தட்டினேன். முடிச்சு கோலாலம்பூர் ஓட்டைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. நாலு தடவை செய்தேன், நாலு தடவையும் அங்கேதான். குவாலா கங்சார் உன் வீட்டையும் தாண்டி வடக்கே இருக்கிறது. அத்தனை தூரம் மேலே இழுக்க அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள்தானே இருக்கிறார் என்று யோசித்தேன். என் கை வேலையில்தான் பிசகு இருக்கும். பிரசவம் பார்த்த கைக்குப் பலகை வேலை வருமா?

இரண்டு பயணம் விட்டாயிற்று. மூன்று விட்டால் குண்டைக் கழற்றிவிடுவது அத்தானே வைத்த சட்டம். அவர் பெண்டாட்டி என்பதற்காக அதை வளைக்கக்கூடாது. அதனால் ஆகஸ்டு மாதத்துக்கு முடிச்சு எங்கே நின்றாலும் நான் வருகிறேன். வெள்ளிக்கிழமையே கிளம்பி வழியில் இரண்டு இரவு தங்கி வந்துவிடுவேன். அட்டை இதோடு இருக்கிறது.

அக்கா


ஈப்போ,
3.7.1986

பாசமுள்ள அக்காவுக்கு,

இன்று காலை கடிதம் கிடைத்தது, இப்போதே பதில் எழுதுகிறேன்.

உங்கள் பலகை பற்றி: அத்தானின் பலகையில் ஒவ்வோர் ஓட்டைக்கும் பித்தளை வளையம் இருக்கிறது. நூல் வழுக்கி ஓடும். வெறும் மரத்தில் நூல் சிக்கும், அதுதான் காரணம். இன்னொன்று எழுத மறந்துவிட்டேன், அலோர் ஸ்டார் பக்கம் ஒரு கூட்டமே புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

ஆகஸ்டு 17 பயணத்துக்கு முடிச்சு தைப்பிங்கில் நின்றிருக்கிறது. அக்கா, தயவுசெய்து கிளம்பவேண்டாம். பீடோருக்கும் தாப்பாவுக்கும் நடுவில் சாலையைக் கிளறிப் போட்டிருக்கிறார்கள். லாரிகள் மோதுகிற மாதிரி வருகின்றன. ஆப்பரேஷன் செய்த கண். அத்தான் வண்டிக்கும் ஏதாவது ஆகிவிட்டால் உங்களால் தாங்க முடியாது. குண்டு விஷயத்தை என்னிடம் விடுங்கள். உங்கள் பெயரைக் கழற்ற நான் விடமாட்டேன். இது தம்பியின் வாக்கு.

நீங்கள் வரவில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உங்கள் தம்பி
வேலாயுதம்

(இதற்குத் தவமணி போட்ட தபால் அட்டை: "வரவில்லை. நீ சொல்வதால். தவமணி. 8.7.86")


குளுவாங்,
24.8.1986

வேலாவுக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி?

தைப்பிங் பயணம் எப்படி இருந்தது? மழை பெய்ததா? தைப்பிங் என்றால் மழை இல்லாமல் இருக்காதே. எங்கே கூடினீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? யோ வந்தாரா, ஹாலிம் வந்தாரா? யாராவது ஏதாவது பேசினார்களா? முன்னால் யார் வண்டி நின்றது?

ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. அவசரமில்லை.

தவமணி அக்கா


ஈப்போ,
20.9.1986

பாசமுள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சுருக்கமாக இருந்தது. உடம்புக்கு ஏதும் இல்லையே? கமலம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தைப்பிங்கில் நீங்கள் சொன்ன மாதிரியே மழை. ஏரிப் பூங்காவில் பெரிய மரங்களுக்குக் கீழே கூடினோம். வண்டியை விட்டு இறங்கவே முடியவில்லை. சர்தார் கண்ணாடியை இறக்கி, "மழை பெய்றது நமக்கில்லை லா, மிஸ்ஸி வரலைன்னு தைப்பிங் அழுவுது" என்றான், எல்லாரும் சிரித்தோம். பிறகு கோப்பிக் கடையில் கொய்த்தியாவ் சாப்பிட்டோம். யோ, ஹாலிம் இருவரும் வந்திருந்தார்கள். யோ உங்களைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை பேசினார். முன்னால் யார் வண்டியும் தனியாக நிற்கவில்லை, மழையில் கிடைத்த இடத்தில் நிறுத்தினோம்.

உங்கள் குண்டு பலகையில்தான் இருக்கிறது. வாக்குக் கொடுத்தேனே.

உங்கள் தம்பி
வேலாயுதம்


குளுவாங்,
26.9.1986

வேலாயுதத்துக்கு,

உடம்பைப் பற்றி இதில் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

ஆகஸ்டு 17 ஞாயிற்றுக்கிழமை இங்கே நல்ல வெயில். காலை எட்டரை மணிக்கு ரயில் ஸ்டேஷன் கோப்பிக் கடைக்குப் போனேன். பயணம் இல்லாத ஞாயிறு வீட்டில் இருந்தால் அழுகை வரும் என்று ரொட்டியும் அதில் தடவிக்கொள்ளக் காயாவும் வாங்கப் போனேன். நடந்துதான் போனேன், என் வீட்டிலிருந்து அரைக் கட்டைகூட இல்லை. வாசலில் வரிசையாகப் பதினோரு மோரிஸ் நின்றது. முதலில் நின்றது உன் பச்சை வண்டி.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அட, இடத்தை மாற்றிவிட்டார்கள் போல, எனக்கு வந்த கடிதம் தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேகமாக உள்ளே நுழைந்தேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். யோ பேசி முடித்து உன் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ஹாலிம் எழுந்து, மலாயில் அக்கா என்று என்னைச் சொல்லுகிற மாதிரியே, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், காக் தவமணியை வீட்டுல போய் ஒரு எட்டுப் பார்த்துட்டு வரலாமே?" என்று கேட்டார்.

அதற்கு நீ சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. "வேணாம் லா. ரெண்டு கண்ணும் சுத்தமாப் போயிடுச்சு. யாரு வந்தாலும் அழுவுறாங்க. காடி சத்தம் கேட்டாலே தாங்க மாட்டாங்க. நான் பெட்டியைக் கொடுத்துடுறேன்."

உனக்குப் பின்னால் எட்டடி தூரத்தில், ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணாலும் உன் சட்டையில் பித்தான் அறுந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன் வேலா. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். தப்பு செய்தவன் நீ, ஒளிந்து நின்றவள் நான். அதை நினைத்தால்தான் உடம்பு எரிகிறது.

பதினோரு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறவரைக்கும் நின்றேன். நீ முன்னால் போனாய். என்னமாய்ப் பறந்தாய்.

பிறகும் உன்னைக் கேட்டேன். தைப்பிங்கில் மழையா என்று கேட்டது எதற்காக? "அக்கா, மன்னிச்சிடு, நாங்க குளுவாங் வந்தோம்" என்று ஒரு வரி நீ எழுதுவாய் என்று நான்கு வாரம் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ மழையும் பெய்ய வைத்தாய், கொய்த்தியாவும் சாப்பிட்டாய், சர்தாரைப் பேசவும் வைத்தாய்.

யோவும் அவர் மனைவியும் அனுப்பிய வாழ்த்து அட்டை போன வாரம் வந்தது. ஒவ்வோர் எழுத்தும் என் கட்டைவிரல் அளவு. எனக்குக் கண் தெரியாதாம், யாராவது சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லவேண்டாம், தடவியாவது பார்க்கட்டும் என்று தடித்த மையில் எழுதியிருக்கிறார்கள். "உங்கள் பிரிவு விழாவுக்காகப் பலகையை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் ஊரையே தேர்ந்தெடுத்தோம். வீட்டுக்குள் இருந்தாலும் எங்கள் கைத்தட்டல் உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நம்புகிறோம்." கேட்டது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

யோவுக்கு என் கையெழுத்தில், வழக்கமான பொடி எழுத்தில், பதில் போட்டுவிட்டேன். என் கண் நன்றாகத் தெரிகிறது என்று மட்டும். மார்ச்சிலும் மே மாதத்திலும் எங்கே கூடினீர்கள் என்றும் கேட்டேன். மார்ச்சில் ராவாங் என்று பதில் வந்தது. மே மாதம் கோலாலம்பூர். என் சமையலறைப் பலகை சொன்ன அதே இடம். வளையம் இல்லாத வெறும் மரம் பொய் சொல்லவில்லை.

இன்னொன்று. தைப்பிங் என்று நீ எழுதியது ஜூலை மூன்றாம் தேதி. பயணத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது, என்னைத் தவிர யாருடைய அட்டையும் வந்திருக்காது, முடிச்சு எப்படி நிற்கும்? உன் கடிதங்களிலேயே நாலே நாளில் நீ பதில் எழுதியது அந்த ஒன்றுதான். என் மேல் எவ்வளவு அக்கறை என்று அன்றைக்குக் கண் கலங்கினேன்.

ஏன் செய்தாய்? அதை மட்டும் எழுது. பலகையை எனக்கு அனுப்பிவிடு.

தவமணி


ஈப்போ,
9.11.1986

அக்காவுக்கு,

நீங்கள் நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆறு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். தீபாவளிக்கு நீங்கள் வாழ்த்து அனுப்பாதது நாற்பது வருஷத்தில் இது முதல் தடவை. கமலம் எல்லாம் தெரிந்துகொண்டாள். என்னோடு பேசுவதில்லை.

போன வருஷம் கடைசிப் பயணம் முடிந்ததும் கோலாலம்பூர் இளவட்டங்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அங்கிள், முப்பத்தஞ்சுல ஊர்ந்து ஊர்ந்து எஞ்சின் கொதிக்குது. உங்க அக்காகிட்ட சொல்லுங்க, இல்லன்னா நாங்க வேற சங்கம் பார்த்துக்குறோம்." இரண்டு பேர் போயே விட்டார்கள். மெதுவான வண்டி முன்னால் என்பது அத்தானின் வழக்கம், அதை உங்கள் முகத்தைப் பார்த்து மாற்றச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு பயணம் நீங்கள் வராமல் இருந்தால் பழகிவிடும் என்று நினைத்து மார்ச்சில் உங்கள் குண்டை மாட்டவில்லை. தாப்பா என்று எழுதினேன். ராவாங்கில் எல்லாரும் "மிஸ்ஸி எங்கே?" என்று கேட்டார்கள். கண் ஆப்பரேஷன் என்றேன், அது பொய்யில்லை. மே மாதம் கேட்டார்கள், இன்னும் சரியாகவில்லை என்றேன். அதற்குப் பிறகு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பிரிவு விழா அவர்களாகவே எடுத்த முடிவு. அன்றைக்கு உங்கள் தெருமுனையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இன்னும் ஒன்றை மறைத்தால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். முன்னால் போகவேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது அக்கா. அத்தான் இருந்தவரைக்கும் அவருக்குப் பின்னால், பிறகு உங்களுக்குப் பின்னால். ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது.

பலகையை ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சங்கம் கொடுத்த பெட்டியும் அதில் இருக்கிறது. பிரிக்கவில்லை. என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வேலாயுதம்


குளுவாங்,
23.11.1986

வேலாயுதம்,

பலகை வந்து சேர்ந்தது. பெட்டியும் வந்தது.

பெட்டியில் ரேடியோ. கண் தெரியாதவளுக்குப் பாட்டுக் கேட்கவாவது ஆகட்டும் என்று பதினோரு பேர் சேர்ந்து யோசித்து வாங்கியது. வண்டியில் ஒரு ரேடியோ இல்லையே என்று உங்கள் அத்தான் இருபது வருஷம் புலம்பினார். முன் ஸீட்டில், அவர் ஓட்டும்போது நான் உட்காருகிற இடத்தில் வைத்து வார் போட்டுக் கட்டிவிட்டேன். நன்றாகப் பாடுகிறது.

என் குண்டு பலகையில் இருக்கிறது என்று வாக்குக் கொடுத்தாய். பலகையில் இல்லை. பார்சலின் மூலையில் ஒரு தீப்பெட்டிக்குள், நூலைச் சுற்றி வைத்திருந்தாய். அத்தான் ஆணியால் கீறிய "தவம்" அப்படியே இருக்கிறது. தூக்கிப் போட உனக்கு மனசு வரவில்லை போல. அதற்காக உன்னை நல்லவன் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். இளவட்டங்கள் கேட்டதில் தப்பே இல்லை. முப்பத்தைந்தில் போனால் எஞ்சின் கொதிக்கத்தான் செய்யும். "அக்கா, நீ பின்னால வா" என்று நீ ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். கொஞ்சம் முகம் சுளித்திருப்பேன், அன்றைக்கு ஒரு வேளை சாப்பிடாமல் இருந்திருப்பேன். பிறகு வந்திருப்பேன். நான் பிடிவாதக்காரி என்று நினைத்தாயா, இல்லை, அழுதுவிடுவேன் என்று பயந்தாயா? உன்னைத் தொட்டிலில் ஆட்டியவளிடம் கேட்க முடியாத அந்த ஒரு வரிக்குப் பதிலாக என்னைக் குருடியாக்கிவிட்டாய். முன்னால் போக ஆசை என்றாயே, அந்தத் தகட்டையே கழற்றிக் கொடுத்திருப்பேன். இப்போது கொடுக்க மாட்டேன்.

சங்கத்தார் எல்லாருக்கும் எழுதினேன். என் கண் தெரிகிறது, பலகை என்னிடம் இருக்கிறது, டிசம்பர் பயணத்துக்கு அட்டை போடுங்கள், இனிமேல் மெதுவான வண்டி கடைசியில் வரும், ஆனால் அதற்கு முன்னால் போகிற வண்டி கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும் என்று. ஒரு தபால் அட்டையில் எழுதி முடித்துவிட்டேன். ஹாலிம் எனக்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கண் விஷயத்தை யார் சொன்னது என்று நான் யாருக்கும் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர்களுக்குத் தெரியாதா?

பத்து அட்டை வந்தது. நேற்றுக் காலை பலகையை இரண்டு நாற்காலிக்கு நடுவில் வைத்துப் பத்துக் குண்டும் என் குண்டும் மாட்டினேன். இரண்டு தட்டுத் தட்டினேன். முடிச்சு காஜாங்கில் நின்றது.

உன் அட்டை வரவில்லை. அட்டை வராதவருக்குக் குண்டு மாட்டுகிற வழக்கம் இல்லை. உன் குண்டைக் கழற்றி, நீ அனுப்பிய அதே தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஆனாலும் உன் பெயர் இன்னும் சங்கத்தில் இருக்கிறது, உனக்குத் தெரிவிப்பது என் கடமை. டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி, காஜாங் ஸ்டேடியத்துக்கு எதிரே இருக்கிற திடல். மற்றவர்களுக்கு எழுதிய அதே ஊர், அதே மணி.

தவமணி